பெயர் வைக்காமல் விட்ட வரிகளுக்கும் நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

நம் வட்டாரத்து அந்துப்பூச்சிப் பட்டியல் ஒருவழியாக முடிந்தது. பூச்சிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போதைக்கு எழுதுவதை நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான். முகப்பில் தொகுத்தவர் என்று என் பெயர் இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் உங்களில் ஒருவர் முகம்தான் எனக்குத் தெரிகிறது. அதனால் இந்த மடல்.

முதலில் காவல்கார அண்ணனுக்கு. வெள்ளைத் துணி கட்டி, பாதரச ஆவி விளக்கைப் போட்டு நாங்கள் உட்கார்ந்ததெல்லாம் மாதத்துக்கு நாலைந்து இரவுகள்தான், அதுவும் அமாவாசையை ஒட்டி. நல்ல நிலவில் பூச்சிகள் விளக்குக்கு அவ்வளவாக வருவதில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவோம். அந்த இரவுகளைப் பார்த்துக்கொண்டது நீங்கள்தான் அண்ணா. வௌவால் உடம்பைத் தின்றுவிட்டு இறக்கைகளை உதிர்த்துவிடும். விடிந்ததும் வராந்தா விளக்கின் கீழே கிடக்கும் அந்த இறக்கைகளைப் பொறுக்கி, தீப்பெட்டியில் போட்டு, மேலே பேனாவால் தேதி எழுதி வைத்தீர்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஒரு பெட்டியைத் திறந்தபோது உள்ளே மஞ்சள் நிறப் பின்னிறக்கை ஒன்று, குறுக்கே கறுப்புப் பட்டைகளோடு இருந்தது. முதுகில் மண்டையோடு போன்ற குறி கொண்ட, தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கிற அஷெரோன்ஷியா பேரினம்! தேதியைப் பார்த்தால் பௌர்ணமிக்கு மறுநாள். நாங்கள் வராத இரவில் அது வந்து போயிருக்கிறது. முழுப் பூச்சியை உயிரோடு பார்க்க அதற்கப்புறம் இரண்டு வருடம் ஆனது. பட்டியலில் அதன் முதல் பதிவாக உங்கள் தீப்பெட்டியின் தேதியைத்தான் போட்டிருக்கிறேன்.

புழு வளர்த்த அக்காவுக்கு அடுத்த நன்றி. விளக்குக்கு வரும் பூச்சியை வைத்து அது எந்தச் செடியைத் தின்று வளர்ந்தது என்று சொல்லவே முடியாது. இலையில் இருக்கும் புழுவை எடுத்து, தினமும் புது இலை போட்டு, எச்சத்தைத் துடைத்து, அது கூட்டுப்புழுவாகி இறக்கை விரிக்கும்வரை காத்திருந்தால்தான் புழுவையும் பூச்சியையும் ஒரே பெயரில் சேர்க்க முடியும். ஒருமுறை பதினேழு நாள் பார்த்துப் பார்த்து வளர்த்த புழுவின் தோலைத் துளைத்துக்கொண்டு குட்டிக் குட்டிக் குளவிப் புழுக்கள் வெளியே வந்து, அதன் முதுகிலேயே வெள்ளைக் கூடுகள் கட்டின. அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குளவி வெளிவந்த நாளையும் கூடுகளின் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதியிருந்தீர்கள். அந்த வரி அப்படியே பட்டியலில் இருக்கிறது.

பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியையை மறக்க முடியாது. லத்தீன் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள், அதன் வாலைப் பாருங்கள் என்றீர்கள். 1758-இல் லின்னேயஸ் ஜியோமெட்ரா என்ற அந்துப்பூச்சிப் பிரிவில் பெயர் வைத்தபோது, சீப்பு மாதிரி உணர்கொம்பு இருந்தால் 'ஆரியா' என்றும், வெறும் நூல் மாதிரி இருந்தால் 'ஆட்டா' என்றும் முடித்தார். இலை சுருட்டும் வகைகளுக்கு 'ஆனா', பைராலிஸ் என்ற இன்னொரு பிரிவுக்கு 'ஆலிஸ்'. இதைக் கேட்ட நாளிலிருந்து அந்த நீளப் பெயர்கள் எங்களை மிரட்டுவதை விட்டுவிட்டன.

கணினியில் பட்டியலைக் கட்டிக்காத்த தம்பிக்கும் நன்றி. பழைய நூல்களில் நாக்டுயிடே, ஆர்க்டியிடே, லைமன்ட்ரியிடே என்று தனித்தனியாக இருந்தவற்றில் பெரும்பகுதி 2011-க்குப் பிறகு எரிபிடே என்ற ஒரே குடும்பத்துக்குள் போய்விட்டது. ஒவ்வொரு வரியாக இடம் மாற்றினாய். பழைய பெயரையும் பக்கத்திலேயே விட்டுவைத்தாயே, அதுதான் பெரிய காரியம். பழைய நூலோடு வருகிறவரும் வழி தவற மாட்டார்.

இப்போது ஐயாவுக்கு. உங்களுக்கு எழுதத்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம், ஏனென்றால் உங்களோடுதான் அதிகம் வாதாடினேன்.

ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் முப்பத்தொரு பூச்சிகள். நான் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் எழுதிவிட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஆண் பூச்சிகளில் சிலவற்றின் வயிற்று நுனியைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, சதை கரைந்ததும் மெல்லிய தூரிகையால் செதில்களைத் துடைத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தீர்கள். என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். ஆணின் பிறப்புறுப்பில் குறடு மாதிரி இரண்டு மடல்கள். ஒன்றில் மடலின் நுனி உருண்டை. அடுத்ததில் உள்பக்கம் வளைந்த ஒரு முள். இறக்கையில் கடுகளவும் வித்தியாசம் இல்லை; உள்ளே பார்த்தால் இரண்டு சிற்றினங்கள்.

சரி, மிச்சத்தையும் இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றேன். நீங்கள் விடவில்லை. செதில் உதிர்ந்து வெளிறிப்போன ஒன்பது பெண் பூச்சிகளுக்குப் பேரினத்தோடு நிறுத்தச் சொன்னீர்கள். "செதில் போன பூச்சிக்கு இப்போ பேர் சொன்னா அது பூச்சியோட பேர் இல்ல, உன் ஆசையோட பேர்" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. எண்ணிக்கை குறைகிறதே என்ற கோபம். ஒரு வருடம் கழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை மட்டும் எடுத்து, 658 எழுத்து நீளமுள்ள மரபணுத் துண்டைப் படித்துப் பார்த்ததில் ஐந்து முதல் இனத்தோடும் மூன்று இரண்டாவதோடும் சேர்ந்தன. ஒன்று எதிலும் சேரவில்லை. அது இன்றைக்கும் பேரினப் பெயரோடுதான் நிற்கிறது. அன்று நான் அவசரப்பட்டிருந்தால் அந்த ஒன்பதாவது பூச்சி ஏதோ ஒரு பெயருக்கு அடியில் காணாமலே போயிருக்கும். உங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் ஐயா.

ஒரு மழைக்காலத்தில் வண்டு புகுந்து, ஊசி குத்தி வைத்திருந்த பூச்சிகளின் பெட்டி ஒன்றையே தூளாக்கியது. ஊசியும் சீட்டும்தான் மிச்சம். கலைந்து கிடந்த சீட்டுகளை உட்கார்ந்து வரிசைப்படுத்திக் காப்பாற்றிய மாணவர்களே, உங்கள் எல்லாருக்கும் நன்றி. பெட்டிகளுக்காக உறைபெட்டியில் இடம் விட்டுக்கொடுத்த எங்கள் வீட்டாருக்கும்.

கடைசியாக ஒரு விஷயம். ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் சின்னச் சீட்டு இருக்கும்: இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர். தீப்பெட்டி இறக்கைகளை எல்லாம் உறையிலிட்டு அதே மாதிரி சீட்டு எழுதிவிட்டேன். சேகரித்தவர் என்ற இடத்தில் உங்கள் முழுப்பெயர் இருக்கிறது அண்ணா. எழுத்து சரியா என்று ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களில் ஒருவன்