கதறியவர் பெயரையாவது போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ பற்றிய கட்டுரையை, “கைகள் மாறினாலும் தரம் மாறவே இல்லை” என்று முடித்திருக்கிறீர்கள். எழுதியவர் ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்தாரா என்று கேட்பது மரியாதையாக இருக்காது. ஆகவே கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? 1940 முதல் 1958 வரை வந்த 114 படங்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் செய்தவை. ஏழு ஆஸ்கர் விருதுகளும் அவற்றுக்கே. பழைய படங்களைத் திரும்ப ஓட்டினாலே ஏறக்குறைய அதே காசு வருகிறது என்று கணக்குப் பார்த்த எம்ஜிஎம் நிறுவனம், 1957இல் கார்ட்டூன் பிரிவையே இழுத்து மூடியது. பிறகு பிராக் நகரில் ஜீன் டைட்ச் 13 படங்கள் எடுத்தார். அவற்றில் சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அடுத்து வந்த சக் ஜோன்ஸின் 34 படங்களில் கோடுகள் அழகுதான். ஆனால் டாம் விழுந்தால் நமக்கு வலிக்காது.

தொண்ணூறுகளில் அம்பாசமுத்திரத்தில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவன் நான். பிராக் படங்கள் இருந்த கேசட்டை எடுத்துப்போன பையன்கள் மாலைக்குள் திரும்பி வந்து, “அண்ணாச்சி, இது டூப்ளிகேட் டாம்” என்று மேசையில் வைத்துக் காசைத் திருப்பிக் கேட்டார்கள். இயக்குநர் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுகூட இல்லை. டாம் கதறுவதைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய படங்களில் அந்தக் கதறல் ஹன்னாவின் சொந்தக் குரல். உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

(1975இல் தொலைக்காட்சிக்காகப் பூனையையும் எலியையும் நண்பர்களாக்கி, ஜெர்ரியின் கழுத்தில் சிவப்பு ‘போ டை’ கட்டிவிட்டதும் ஹன்னா, பார்பெராவின் நிறுவனம்தான். அதையும் நான் மன்னிக்கவில்லை.)

பெயர் போடாமல் விடுவது உங்களுக்குப் புதிதா என்ன? உங்கள் இதழின் துப்பறியும் சித்திரக்கதையில் ஒரு தீபாவளிக்குப் பிறகு நாயகனின் மூக்கே மாறிப்போனது. அதுவரை வரைந்தவர் என்ன ஆனார் என்று ஒரு வரி இல்லை. விசாரித்து எழுதினேன், அதில் “இதழ் அருமை” என்ற முதல் வரி மட்டும் அச்சேறியது. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றி எழுதியபோது இடமில்லை என்றீர்கள். அதே வாரம் எங்கள் ஊர் அல்வாவுக்கு இரண்டு பக்கம் இருந்தது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சித்திரக்கதைக்குக் கீழே வரைபவரின் பெயரைப் பொடி எழுத்திலாவது போடுங்கள். ராசிபலனில் இரண்டு வரி குறைத்தால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஆ. சு.,
அம்பாசமுத்திரம்