ஒரே ரெஸ்யூமே எல்லா வேலைக்கும் பேசாது

அன்புள்ள கண்ணனுக்கு,

எத்தனை இடத்துக்கு அனுப்பியும் பதிலே வரவில்லை என்று நீ சொன்னதிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. உன் ரெஸ்யூமேயைப் படித்துப் பார்த்தேன். நீ செய்த வேலையெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கும் ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் வேலைக்கும் அதையே அனுப்பியிருக்கிறாய். ஆள் எடுக்கும் பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: முதல் சுற்றில் யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை. முதல் பக்கத்தின் மேல் பாதியில் கண் ஓடும். தேடுவது அங்கே தென்படாவிட்டால் கை அடுத்ததை எடுத்துவிடும்.

அதனால் வேலை அறிவிப்பை முதலில் நிதானமாகப் படி. எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று பிரி. திரும்பத் திரும்ப வருவதுதான் பெரும்பாலும் அவர்களுடைய உண்மையான தேவை. அதை நீ செய்திருந்தால், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுது. பல நிறுவனங்களில் விண்ணப்பங்கள் ஒரு சாஃப்ட்வேருக்குள் போகின்றன. அங்கே சொல்லைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிப்பது, டேபிள் என்று அலங்காரமாகச் செய்தால் சிலவற்றில் வரிகள் கலைந்துவிடும். எளிமையாகவே இருக்கட்டும். செய்யாததை மட்டும் எழுதாதே, இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதவும் வேண்டாம். செய்தது எல்லாவற்றையும் நீளமாக ஒரு ஃபைலில் வைத்துக்கொள், அதிலிருந்து வேண்டியதை எடு. அனுப்பும் விண்ணப்பங்களின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் இன்டர்வியூ. விண்ணப்பிக்கும் அன்றே அறிவிப்பைச் சேமித்து வை. கடைசித் தேதி முடிந்ததும் பல இடங்களில் எடுத்துவிடுவார்கள். அதில் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் உன் வேலையிலிருந்து ஒரு நிஜ சம்பவம் தயாராக இருக்கட்டும்: நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன ஆயிற்று. நிலைமையை விவரித்தே நேரத்தைக் கரைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீ செய்ததைத்தான் நிறையச் சொல்ல வேண்டும். "நாங்கள் செய்தோம்" என்று சொன்னால் உன் பங்கு எங்களுக்குப் புரியாது.

மாதாந்திர ரிப்போர்ட்டில் கணக்கு உதைத்ததைச் சரிசெய்தாயே, அந்த ஒரு சம்பவமே இரண்டு வேலைக்கும் உதவும். அனலிஸ்ட் வேலைக்கு, பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று எப்படித் தேடிக் கண்டுபிடித்தாய் என்பதைச் சொல். கோஆர்டினேட்டர் வேலைக்கு, ஒருவரை ஒருவர் குறை சொன்ன இரண்டு டீமையும் எப்படி உட்காரவைத்துப் பேசினாய் என்பதைச் சொல். இரண்டும் உண்மைதான், கேட்பவருக்கு எது வேண்டும் என்பதுதான் வேறு.

வாய்விட்டுச் சொல்லிப் பழகு, மனப்பாடம் வேண்டாம். முதல் ஆறு மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று நீயும் அவர்களைக் கேள்.

அடுத்து அனுப்பப்போகும் வேலையின் அறிவிப்பையும், அதற்கென்று மாற்றிய ரெஸ்யூமேயையும் எனக்கு அனுப்பு. படித்துவிட்டு, நானே போனில் கேள்வி கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா