எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு

வணக்கம். பொறியியல், அறிவியல் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பினாங்கில் கல்விக் கண்காட்சிகளில் அன்றே முன்பணம் கட்டச் சொல்வார்கள். தயவுசெய்து அங்கேயே கட்டிவிடாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பட்டத்தின் பெயர். ‘பொறியியல்’ வேறு, ‘பொறியியல் தொழில்நுட்பம்’ வேறு. இரண்டும் நல்ல படிப்புதான். ஆனால் பிள்ளைக்குப் பின்னாளில் பெயருக்கு முன்னால் ‘இர்’ என்று போட்டுக்கொள்ளும் தொழில்முறைப் பொறியாளர் நிலை வரை போகும் ஆசை இருந்தால், இ.ஏ.சி. (பொறியியல் அங்கீகார மன்றம்) அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டமே நேர்வழி. மலேசியப் பொறியாளர் வாரியத்தின் இணையத்தளத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. கல்லூரியின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரப்போகும் அதே படிப்பு இருக்க வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009 முதல் இருப்பதால், அந்தப் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லையா? மனம் தளர வேண்டாம். அதற்கு மாற்றாக உள்ள ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டுதான், செலவும் மிகக் குறைவு. இயற்பியலும் கணிதமும் எடுத்து நன்றாகச் செய்தால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். நம் பக்கத்திலேயே யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கிறது. அதன் பொறியியல் வளாகம் பினாங்குத் தீவில் இல்லை, பெருநிலப் பக்கத்தில் நிபோங் திபாலில்.

அப்புறம், கல்லூரிக்கு நேரில் போனால் வரவேற்பறையோடு திரும்பாதீர்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். இரும்பைக் கடையும் லேத் இயந்திரத்தின் அடியில் இரும்புச் சுருள் கிடந்தால் மாணவர்கள் கை வைக்கிறார்கள் என்று பொருள். அங்கிருக்கும் பிள்ளைகளிடமே நாலு வார்த்தை பேசிப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் நம் பெற்றோர் குழுவிலேயே கேளுங்கள். தேர்வு முடிவுத் தாளைப் போடுவதாக இருந்தால் அடையாள அட்டை எண்ணை மறைத்துவிட்டுப் போடுங்கள்.