வரிச் சலுகையும் செலவுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிதிப் பற்றாக்குறையைக் குறைக்க அரசுகளுக்குச் செலவைச் சுருக்குவது தவிர வேறு வழியில்லை என்று சென்ற இதழின் தலையங்கம் முடித்திருந்தது. அரசுக் கணக்குகளைப் பல ஆண்டுகள் தணிக்கை செய்தவன் நான். அதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது.

செலவைச் சுருக்கு என்றால் நிதித்துறை எதில் கை வைக்கும்? கடனுக்கான வட்டி, சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் கொடுத்தே ஆகவேண்டியவை. மிஞ்சுவது பாலம், பள்ளிக் கட்டடம், குடிநீர்க் குழாய். அவற்றைத் தள்ளிப்போட்டால் உடனே கேட்பாரில்லை. அந்த ஆண்டுக் கணக்கில் பற்றாக்குறை குறைந்துவிடும். பழுதான பாலம் மட்டும் பழுதாகிக்கொண்டே இருக்கும்.

செலவைக் குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 1990-களின் நடுவில் கனடா தன் திட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னும் தேவையா, மத்திய அரசுதான் செய்யவேண்டுமா என்று கேட்டு வெட்டியது. 1997-98-இல் பட்ஜெட் உபரிக்கு வந்தது. ஆனால் மாகாணங்களுக்கான நிதியும் வெட்டுப்பட்டதால் சுமையில் ஒரு பங்கு அவற்றின் தலையில் விழுந்தது. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தலையங்கம் தொடாத இடம் வரிச் சலுகை. ஒரு தொழிலுக்கு 100 கோடி மானியம் தந்தால் அது பட்ஜெட்டில் ஏறும், அவையில் கேள்வி வரும், தணிக்கையும் வரும். அதே 100 கோடியை வரிவிலக்காகத் தந்தால் செலவுப் பக்கத்தில் அதன் சுவடே இராது. கருவூலத்துக்கு இரண்டும் ஒரே இழப்பு. அமெரிக்கக் கருவூலத் துறையில் இருந்த ஸ்டான்லி சர்ரே 1960-களிலேயே இதை 'வரிச் செலவு' என்று அழைத்தார். 1974-இல் வந்த சட்டம் இந்தச் சலுகைகளைப் பட்டியலிட்டுப் பட்ஜெட்டோடு வெளியிடச் சொன்னது. 1986-இல் அந்நாடு பல விலக்குகளை நீக்கியதால்தான், வருவாயை இழக்காமல் வருமான வரியின் உச்ச விகிதத்தை 50 சதவீதத்திலிருந்து 28-க்கு இறக்கத் திட்டமிட முடிந்தது.

பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு சலுகைக்கும் முடிவு தேதி வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் அவையில் மறுபடி வாக்கெடுப்பு நடக்கட்டும். வருமான வரி விலக்கு வரி கட்டுபவருக்குத்தானே பயன்படும்? வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. அவர் நம்பியிருக்கும் பள்ளியையும் குழாயையும் வெட்டிவிட்டு இதை அப்படியே விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த பட்ஜெட் நாளில் செலவுப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே சலுகைப் பட்டியலையும் அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்