நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியவர்களுக்கு வரும் ரத்தக் கொதிப்பையும் மறதியையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விஷயங்களாகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். கொதிப்புக்கு மாத்திரை வாங்குகிறோம். மறதி என்றால் ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறோம். எழுபத்தெட்டு வயதான என் தாயாரின் விஷயத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

கடந்த மார்கழியில் ஒருநாள் விடியற்காலை கழிவறைக்குப் போக எழுந்தவர், கட்டிலுக்கும் கதவுக்கும் இடையிலேயே மயங்கி விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறிவு இல்லை. மருத்துவமனையில் படுக்க வைத்துப் பார்த்தபோது 164 இருந்த மேல் அளவு, எழுந்து நின்ற இரண்டாவது நிமிடத்தில் 122 ஆக இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவருக்கு எத்தனையோ முறை பி.பி. பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் நாற்காலியில் உட்கார வைத்துத்தான்.

அன்று மாலை அவருடைய மாத்திரை டப்பாவைக் கட்டிலில் கொட்டி எண்ணினேன். முதல் தேதி வாங்கிய பி.பி. மாத்திரை ஒன்றில் பன்னிரண்டு நாள்களில் நான்குதான் குறைந்திருந்தது. அதே நாளில் வாங்கிய இன்னொன்றில், பன்னிரண்டு போயிருக்க வேண்டிய இடத்தில் பதினேழு போயிருந்தது. தலையணை உறைக்குள் மூன்று மாத்திரைகள் கிடந்தன. ‘போட்டாச்சும்மா’ என்று தினமும் அவர் சொன்னதை நம்பித்தான் நான் இருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. போடாததைப் போட்டதாக நினைத்திருக்கிறார், போட்டதை மறந்து மறுபடியும் போட்டிருக்கிறார். மாத்திரை கேட்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலேயும் உள்ள உணர்விகள் அதை உடனே கண்டுகொண்டு, இதயத் துடிப்பைக் கூட்டியும் ரத்தக் குழாய்களை இறுக்கியும் சில நொடிகளில் அழுத்தத்தைச் சரிசெய்துவிடுகின்றன. முதுமையிலும், நீண்டநாள் சர்க்கரை நோயிலும் இந்த ஏற்பாடு தளர்கிறது. நீர் பிரியும் மாத்திரைகளும் ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் அதை இன்னும் தளர்த்துகின்றன. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதைக் கவனிக்க வேண்டிய வீழ்ச்சியாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். மறுபக்கம், பல ஆண்டுகள் கட்டுக்கு அடங்காத கொதிப்பு மூளையின் ஆழத்தில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்களைத் தடிக்கவும் விறைக்கவும் செய்துவிடுகிறது. அப்படி விறைத்த குழாய்களால் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தேவைக்கேற்ப விரிந்து சுருங்க முடிவதில்லை. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே இருந்தாலும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கும் உறுப்பு மூளை என்பதால், ஏற்றம், இறக்கம் இரண்டுமே அதைப் பாதிக்கின்றன.

கொதிப்பைக் கட்டுப்படுத்தினால் மறதியைத் தள்ளிப்போட முடியும் என்பதற்கு இப்போது வலுவான சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 9,361 பேரிடம் நடந்து, 2019இல் வெளியான ‘ஸ்பிரிண்ட் மைண்ட்’ ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம், 140க்குக் கீழே வைத்திருந்தவர்களைவிட, லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 சதவீதம் குறைவாக இருந்தது. முழு மறதி நோயில் தெரிந்த குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. சீனாவில் 326 கிராமங்களில் ஏறத்தாழ 34,000 பேரிடம் நான்கு ஆண்டுகள் நடந்து, 2025இல் வெளியான ஆய்வில் மறதி நோயே 15 சதவீதம் குறைந்தது. அங்கே வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் கிராம மருத்துவப் பணியாளர்கள்தான், மருத்துவர்களின் மேற்பார்வையில், கொதிப்பைக் கட்டுக்குள் கொண்டுவரும் வேலையைச் செய்தார்கள்.

ஆனால் அந்த அமெரிக்க ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. நிற்க வைத்துப் பார்த்தபோது மேல் அளவு 110க்குக் கீழே இருந்தவர்களையும் சேர்க்கவில்லை. அதாவது, எழுந்தால் தலைசுற்றும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் 120 என்ற எண்ணை அப்படியே பொருத்திவிட முடியாது. அவரவர் நிற்கும்போது என்ன அளவு வருகிறது, மாத்திரையை உண்மையில் எப்படிப் போடுகிறார் என்று தெரிந்துகொண்டுதான் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. இவ்வளவு தூரம் வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களின் பணியில் இன்னும் மூன்று விஷயங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களை மூன்று நிமிடம் நிற்க வைத்து மறுபடியும் பி.பி. பார்க்க வேண்டும், புதிய மாத்திரை தருமுன் பழைய அட்டையில் மீதம் எத்தனை என்று எண்ண வேண்டும், இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், சற்றுமுன் நான் சொன்ன மூன்று சொற்கள் எவை என்பன போன்ற எளிய கேள்விகளைக் கேட்டு, தடுமாறுபவர்களின் விவரத்தை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். தனியாக வாழும் முதியவர்களுக்கு இதைக் கவனித்துச் சொல்ல வேறு ஆள் இல்லை.

இப்போது என் தாயாரின் மாத்திரைகளை நானே எடுத்துக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகு நாள்காட்டித் தாளில் குறித்துவிடுகிறேன். மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்து, இன்னொன்றை இரவிலிருந்து காலைக்கு மாற்றியிருக்கிறார். விடியலில் எழுந்ததும் கால்களைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்பதைத் தினமும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மார்கழிக்குப் பிறகு அவர் விழவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி.