மாப்ள, அந்த டோம் செட்டுதான்டா

மாப்ள,

இங்க எல்லாரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா, பெரியவனுக்கு சீட் கெடச்சுதா, மறக்காம எழுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரல் உச்சிக்கு ஏறினேன், 528 படி, சிரிக்காத, ஏறிட்டேன். இதை உன்கிட்ட சொல்லாம முடியாது, ஏன்னா "உள்ள என்ன இருக்கோ அதான் வெளிய தெரியணும், இல்லாட்டி அது கட்டடம் இல்ல, சினிமா செட்டு"ன்னு கொக்கு சார் கிளாஸ்ல மேஜையைத் தட்டினவன் நீதானே.

செட்டுதான்டா அது! உள்ள நின்னு அண்ணாந்தா ஓவியத்தோட ஒரு டோம் தெரியுதுல்ல, அது செங்கல்ல கட்டின உள் டோம். ஊரே பாக்குற வெளி டோம் வேற, மரச்சட்டம் கட்டி மேல ஈயத்தகடு போத்தினது. ரெண்டுக்கும் நடுவுல, கீழ இருந்து யார் கண்ணுக்கும் படாம ஒரு செங்கல் கூம்பு நிக்குது, தடிமன் வெறும் 18 இன்ச், உச்சில இருக்குற லான்டர்ன், அதான் அந்தக் கல் மாடம், சுமார் 850 டன், அதைத் தாங்குறது இந்தக் கூம்புதான். கூம்பு அடில விரிஞ்சிடாம இருக்க சுத்தி இரும்புச் சங்கிலி. கடைசிப் படிகள் கூம்புக்கும் மர டோமுக்கும் நடுவுலதான் போகுது, ஏறும்போதே சட்டமெல்லாம் பாக்கலாம், நான் அங்கயே நின்னுட்டேன், பின்னாடி வந்தவங்க முறைச்சாங்க.

இதை டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் கிறிஸ்டோபர் ரென் ஏன் இப்படிப் பண்ணாரு? தூரத்துல இருந்து தெரியணும்னா டோம் உசரமா இருக்கணும், அந்த உசரத்தையே உள்ளயும் விட்டா கிணத்துக்குள்ள இருந்து ஆகாசத்தைப் பாக்குற மாதிரி ஆயிடும். அதான் வெளிக்கு ஒண்ணு, உள்ளுக்கு ஒண்ணு. இன்னொண்ணு கேளு, பக்கச் சுவர் ரெண்டு மாடி மாதிரி தெரியும், மேல் மாடி வெறும் மறைப்புச் சுவர், அதுக்குப் பின்னாடி, கட்டடம் வெளிப்பக்கம் தள்ளாம முட்டுக் குடுக்குற வளைவுகளை ஒளிச்சு வெச்சிருக்காரு. கொக்கு சார் இருந்திருந்தா உன்னை இழுத்துட்டு வந்து காட்டியிருப்பாரு.

எனக்கு இதுல தப்பே தெரியல. எடையைத் தாங்குற இடத்துல அவர் ஏமாத்தவே இல்லையே. ஒரு விஷயத்துல மட்டும் உன் பக்கம் வர்றேன்: மரம்னா தீ பயம். 1940 டிசம்பர் 29 ராத்திரி ஜெர்மன்காரன் போட்ட தீக்குண்டு ஒண்ணு டோம்ல சொருகி ஈயம் உருக ஆரம்பிச்சுடுச்சு, நல்ல வேளை அது வெளிப்பக்கம் விழுந்துச்சு, காவல் இருந்தவங்க அணைச்சுட்டாங்க. உள்ள விழுந்திருந்தா மொத்த டோமும் போயிருக்கும்.

இன்னொரு சமாச்சாரம், இது உனக்குன்னே எடுத்து வெச்சது. கதீட்ரல் வேலை இழுக்குதுன்னு 1697ல பார்லிமென்ட் ரென் சம்பளத்துல பாதியை நிறுத்திடுச்சு. வருஷத்துக்கே 200 பவுண்டுதான், அதுலயும் பாதி! 1708ல உச்சிக் கல்லை வெக்க மகனைத்தான் மேல அனுப்பினாரு, பாக்கிப் பணம் வந்தது 1711ல, அப்ப எண்பதை நெருங்கிட்டாரு.

இதைப் படிச்சதும் நீ கட்டின பாலத்துக்கு இன்னும் பணம் வராத பில்லு ஞாபகம் வந்து சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு வரல. கூலி குடுக்க நீ வட்டிக்கு வாங்கறன்னு சுப்பு சொல்றான். நெஜமாடா? எவ்வளவு, யார்கிட்ட, தங்கச்சிக்குத் தெரியுமா? "பாத்துக்கலாம்"னு பதில் போட்டா உதைப்பேன், தொகையை எழுது. என்கிட்ட கொஞ்சம் சும்மாதான் கெடக்கு.

டோம் பத்தின சண்டையை ஞாயித்துக்கெழமை போன்ல வெச்சுக்கலாம்.

உன்,
குண்டு