குலதெய்வக் கோயில் திருப்பணி நிறைவு: பங்காளிகளுக்கும் பெண் மக்களுக்கும் அறிக்கை

அன்புள்ள பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்மாருக்கும், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட நம் பெண் மக்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அய்யனார், கருப்பசாமி சன்னதிகளின் திருப்பணி முடிந்து, ஆவணியில் கும்பாபிஷேகமும் அதன் பின் 48 நாள் மண்டல பூஜையும் நல்லபடியாக நிறைவேறின. வரவு செலவை கருப்பசாமி முன்னால் வரி வரியாக வாசித்தோம். இது எங்கள் அப்பா வைத்த வழக்கம். சித்திரையில் கள்ளழகர் மதுரைக்குக் கிளம்பும்போது 18-ஆம் படிக் கருப்பசாமி முன் நகைக் கணக்கை வாசித்த பிறகுதான் மலையை விட்டு இறங்குகிறார். திரும்பியதும் மறுபடி சரிபார்க்கிறார்கள். "சாமியே கணக்குச் சொல்லுது, நாம சொல்ல வேண்டாமா?" என்பார் அப்பா.

சுவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. முந்தைய திருப்பணியில் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் மேல் சிமெண்ட் பூசி, அதன் மேல் எனாமல் அடித்தது நாங்கள்தான், அவருடைய பிள்ளைகள். வேலை சீக்கிரம் முடியும், பளபளவென்று இருக்கும் என்று நினைத்தோம். "அது மூச்சு விடுற சுவருடா, வேண்டாம்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாகத் தானே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்டும் எனாமலும் அந்த வழியை அடைத்ததும் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு வீங்கிப் பாளம் பாளமாக விழத் தொடங்கியது. அதன் பிறகு இருந்தவரை அவர் எங்களிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போய், கன்னிமூலையில் உதிர்ந்து கிடப்பதைக் கூட்டி அள்ளிவிட்டு வருவார். முடியாத வயதிலும் அந்த விளக்குமாறை யார் கையிலும் கொடுத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி அடைமழையில் அப்பா போனார். தலைத்திவசம் முடியும்வரை கோயிலில் கை வைக்கவில்லை. தையில், வேலை முடியும்வரை சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்யும் பாலாலயம் செய்தபோது குழு எடுத்த முதல் முடிவு, நாங்கள் பூசியதை நாங்களே எடுத்துவிடுவது.

மெஷின் வைக்காமல் உளியால் கொத்தியே எடுத்தோம். காரைக்குடிப் பக்கமிருந்து வந்த கொத்தனார் சுண்ணாம்பைக் குழியில் நீற்றி ஊறப் போட்டார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தார்கள். அவசரப்பட்டால் வெடிப்பு விடும் என்று ஒவ்வொரு பூச்சுக்கும் அவர் கேட்ட நாள்களைக் கொடுத்தோம். ஆனியில் முடிய வேண்டிய வேலை ஆவணிக்குப் போனது அதனால்தான். பொறுத்துக்கொண்டீர்கள், நன்றி.

தலைக்கட்டு வரி பெரும்பாலும் வந்து சேர்ந்தது. குறைந்ததை நிரப்பியவர்கள் பெண் மக்கள். கட்டிக்கொடுத்த பெண்களுக்கு நம் வழக்கத்தில் வரி கிடையாது. ஆனால் அப்பாவின் நோட்டைத் திறந்தால், ஒவ்வொரு மாசி சிவராத்திரிக் கணக்கின் கடைசிப் பக்கத்திலும் 'பெண் மக்கள்' என்று தலைப்பிட்டு, அத்தைமாரும் அக்கா தங்கச்சிகளும் கொடுத்த அரைப்படி எண்ணெய், ஒரு முழம் பூ, கற்பூரம் வரை பெயரோடு எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துதான் ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். பெரிய அத்தை, "எங்க அண்ணன் எம் பேரை எழுதி வச்சிருக்காரா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் அவரால் பேச முடியவில்லை. இந்த முறை அவர்கள் பெயர்கள் கடைசிப் பக்கத்தில் இல்லை. எல்லோருடனும் சேர்ந்தே இருக்கின்றன.

மின்வேலை, தண்ணீர்க் குழாய், கேட் எல்லாம் முடிந்தன. விவரம் கணக்கில் இருக்கிறது.

உடைந்த மண்குதிரைக்குப் பதிலாக வேளார் புதுக்குதிரை செய்து சுட்டுக் கொடுத்தார். பழையதின் தலையை எறிய மனம் வரவில்லை. பேரப்பிள்ளைகள் ஒருவர் விடாமல் தாத்தா தூக்கிப் பிடிக்க, அதன் கழுத்தைத் தடவியவர்கள். சென்னையில் இருக்கும் மூத்த பேரன் வந்ததும் முதலில் தேடியது அதைத்தான். புளியமரத்தடியில், புதுக்குதிரைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

கல்வெட்டில் அப்பா பெயரைப் பொறிக்க வேண்டும் என்று பலர் கேட்டீர்கள். குழுவுக்குள்ளும் இரண்டு கருத்து இருந்தது. கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இத்தனை வருஷ நோட்டுகளில் தான் கொடுத்தது என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நோட்டுகளை பைண்டு செய்து கோயில் பெட்டியில் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

மிச்சப் பணம், சித்திரையில் அழகர்கோயில் சாலையில் அவர் போட்டுவந்த பானகம், நீர்மோர்ப் பந்தலுக்குப் போகும். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: இனி யாரும் நேர்த்திக்கடன் என்றுகூட அந்தச் சுவரில் பெயிண்ட் அடிக்க வேண்டாம். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கிக் கொடுங்கள், போதும்.

நேற்று ராத்திரி மலைப் பக்கமிருந்து நல்ல மழை. இன்று அப்பாவின் திவசம். காலையில் சின்னத் தம்பி போய்ச் சன்னதியைத் திறந்தான். சுவர் ஈரமாக இருந்தது. கன்னிமூலையில் கூட்டுவதற்கு ஒன்றும் விழவில்லை. விளக்குமாறை இருந்த இடத்திலேயே சாத்தி வைத்துவிட்டு வந்தான்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்